பக்ஸ் பாயின்ட் ரேந்தைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது?

மில்டன் கீன்ஸுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, குளிர்காலத்தில் சும்மா இருக்காமல் இந்தப் பக்கத்து பாபின் லேஸைக் (நூல் சுற்றிய சின்னக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் ரேந்தை) கற்கலாம் என்று ஆசை, அதில் பக்கிங்ஹாம்ஷையர் வகையான பக்ஸ் பாயின்ட்டுக்கு நல்ல புத்தகம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் பெண்ணுக்கு ரேந்தை ஆசை வராமல் இருக்குமா! 1820களில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் நம் ஊரில் கற்றுக்கொடுத்த கைவேலை ஆயிற்றே.

பெட்ஃபோர்டில் 16 வருஷமாக இருக்கிறேன் தங்கச்சி. பக்ஸ் பாயின்ட் புத்தகத்தை இப்போது வாங்காதீர்கள். நான் அதைத்தான் முதலில் வாங்கினேன். முடி மாதிரி நூல், பொடிப் பொடியாக வலைக்கண், பூவைச் சுற்றி ஓட்ட வேண்டிய தடித்த நூல் வேறு. மூன்றாம் நாளே பின்னல் திண்டு அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. டார்ஷோன் என்ற எளிய லேஸ் வகையில் தொடங்குங்கள். 45 டிகிரி கட்டம், கனமான நூல், தப்பு செய்தால் உடனே தெரியும். பமேலா நாட்டிங்ஹாம் எழுதிய ‘தி டெக்னிக் ஆஃப் பாபின் லேஸ்’ (1976) பழைய பிரதி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ஷோனில் ஆரம்பித்து பக்ஸ் வரைக்கும் அதிலேயே போகலாம்.

ஒரே சமயத்தில் இரண்டு புத்தகம் வைத்துக்கொண்டு பழகாதீர்கள். ஒன்றில் ‘ஹோல் ஸ்டிச்’ என்றால் கிராஸ் (இரண்டு ஜோடிகளின் நடு நூல்களைக் குறுக்கே மாற்றுவது), ட்விஸ்ட் (ஒவ்வொரு ஜோடியையும் முறுக்குவது), மறுபடி கிராஸ். இன்னொன்றில் அதே பெயருக்குக் கடைசியில் இன்னொரு ட்விஸ்ட் உண்டு. இது தெரியாமல் இரண்டு சாயங்காலம் பின்னினேன். துணி மாதிரி அடர்த்தியாக வர வேண்டிய இலை, கொசுவலை மாதிரி வந்தது.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால் வண்ணக்கோட்டுப் படம் உள்ள புத்தகமாகப் பாருங்கள். ஊதாக் கோடு துணித் தையல் (கிராஸ், ட்விஸ்ட், கிராஸ்), பச்சை அரைத் தையல் (கிராஸ், ட்விஸ்ட் மட்டும்), சிவப்பு துணித் தையலோடு கூடுதல் ட்விஸ்ட் உள்ளது. படத்தைப் பார்த்தே கை ஓடும். மாதிரி அட்டை (ஊசி குத்த வேண்டிய புள்ளிகள் போட்ட படம்) அசல் அளவில் இருக்கிறதா, எத்தனை ஜோடி பாபின் என்று போட்டிருக்கிறதா, இந்த இரண்டையும் கடையிலேயே புரட்டிப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து ஊரான ஆல்னியில் 1919இல் வெளிவந்த, தாமஸ் ரைட் எழுதிய ‘தி ரொமான்ஸ் ஆஃப் தி லேஸ் பில்லோ’வை யாராவது கையில் திணிப்பார்கள். அது இந்த ஊர் லேஸ்காரர்களின் கதை. டீயோடு படிக்கலாம், பின்னக் கற்றுத்தராது.

அப்புறம், மாதிரியை நகல் எடுத்து, அட்டையில் ஒட்டிக் குத்துங்கள். எனக்குக் கிடைத்த பழைய பிரதியில் யாரோ பக்கத்தின் மேலேயே குத்தியிருந்தார்கள். ஜன்னல் பக்கம் பிடித்தால் பின்பக்கத்து எழுத்து முழுக்க வெளிச்சப் புள்ளி.