வாசகர் கேள்வி: சொந்தமாக ஒரு நீர்மூழ்கி

கேள்வி: ஐயா, டென்மார்க்கில் தனிமனிதர் ஒருவர் பெரிய நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டியதாகப் படித்தேன். இத்தகைய முயற்சியில் பெரிய சிக்கல் ஆழமா, பணமா?

பதில்: தாங்கள் குறிப்பிடுவது, பீட்டர் மாட்சன் தன்னார்வலர்களின் துணையுடன் கட்டி, 2008 மே 3 அன்று கோபன்ஹேகனில் நீரில் இறக்கிய ‘யுசி3 நாட்டிலஸ்’. அதன் நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். எடை சுமார் 40 டன். ஆழமும் பணமும் சிக்கல்களே என்றாலும், அவற்றுக்கு முன்பே வந்து நிற்பது எடைக் கணக்கு.

2 மீட்டர் விட்டமும் 10 மீட்டர் நீளமும் கொண்ட எஃகு உருளையை எடுத்துக்கொள்வோம். அது முழுமையாக மூழ்கும்போது விலக்கும் கடல்நீரின் எடை ஏறத்தாழ 32 டன். ஆனால் 10 மில்லிமீட்டர் தகட்டால் ஆன அதன் சுவர் 5 டன்னைக்கூட எட்டாது. எஞ்சிய 27 டன்னையும் சுவரைத் தாங்கும் விலா வளையங்கள், டீசல் எஞ்சின், பேட்டரிகள், ஈயக் கட்டிகள் ஆகியவற்றைக் கொண்டே ஈடுகட்டியாக வேண்டும். வெளித் தொட்டிகளில் நீரை நிரப்பினால் போதாதா என்று பலரும் கேட்பதுண்டு. போதாது, நீருக்குள் இருக்கும் நீர் கலத்தைக் கீழே இழுப்பதில்லை. அத்தொட்டிகள், கலம் மேற்பரப்பில் மிதப்பதற்கான கூடுதல் மிதப்பைத் தருவதற்கும், வேண்டியபோது அதை நீக்குவதற்கும் மட்டுமே பயன்படுபவை. சேர்க்கும் ஈயத்தையும் அடிப்பகுதியிலேயே வைக்க வேண்டும்; ஏனெனில் மூழ்கிய கலத்தின் ஈர்ப்பு மையம், நீர் அதை மேலே தூக்கும் விசை செயல்படும் புள்ளியான மிதப்பு மையத்துக்குக் கீழே அமையாவிட்டால், அது கவிழ்ந்துவிடும்.

கேள்வி: தடித்த தகட்டைப் பயன்படுத்தினால் ஆழத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் அல்லவா?

பதில்: தடிமன் மட்டும் காப்பாற்றாது. மேற்சொன்ன உருளை 100 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது, ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் சுமார் 100 டன் விசை அழுத்துகிறது. அப்போது தகட்டில் எழும் தகைவு, அதாவது எஃகின் ஓர் அலகுப் பரப்பில் எழும் உள்விசை, ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான எஃகு சுமார் 250 மெகாபாஸ்கல் வரை தாங்கும். காகிதத்தில் இது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் வெளி அழுத்தத்துக்கு உட்பட்ட மெல்லிய சுவர், எஃகின் வலிமை தீருவதற்கு வெகு முன்பே உட்புறமாக நெளிந்து மடிந்துவிடக்கூடும். இதைத் தடுப்பவை நெருக்கமாக வெல்டிங் செய்யப்பட்ட விலா வளையங்களும், வட்டத்தின் துல்லியமும்தாம். ஆரத்தில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டம் பிசகக் கூடாது என்பது வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் வரம்பு. இங்கே அது வெறும் 5 மில்லிமீட்டர். கொல்லைப்புறப் பட்டறையில் வெல்டிங் சூட்டால் தகடு கோணாமல் இதை எட்டுவதே, என் கருத்தில், கைத்திறனின் உண்மையான சோதனை.

கேள்வி: நாட்டிலஸ் மூழ்கியதற்குக் கட்டுமானக் குறைதான் காரணமா?

பதில்: இல்லை. 2017 ஆகஸ்டில் அக்கலத்தில் சுவீடன் பத்திரிகையாளர் கிம் வாலைக் கொலை செய்த மாட்சன், பின்னர் அதை வேண்டுமென்றே மூழ்கடித்ததாக டென்மார்க் காவல்துறை அறிவித்தது. 2018இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் குற்றத்தைப் பொறியியல் தோல்வியாகக் கருதுவது பிழை. பொறியியல் பாடம் வேண்டுமெனில், 2023 ஜூனில் ஐவருடன் நொறுங்கிய ‘டைட்டன்’ என்ற ஆழ்கடல் கலத்தையே பார்க்க வேண்டும். அதன் கூட்டில் எஃகுக்குப் பதிலாகக் கார்பன் இழை பயன்படுத்தப்பட்டிருந்தது.

கேள்வி: உள்ளே காற்று எவ்வளவு நேரம் போதும்?

பதில்: பெரிய கலத்தின் ஒரே சலுகை இதுதான். 20 கன மீட்டர் காற்றுவெளியில் இருவர் ஓய்வாக இருந்தால், கரியமில வாயு 1 விழுக்காட்டை எட்டச் சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் தீருவதற்கு முன்பே அந்த வாயுதான் ஆபத்தாகும் என்பதால், அதை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பு அவசியம். ஈய அமிலப் பேட்டரிகள் மின்னேற்றத்தின்போது வெளிவிடும் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடும். ஆகவே அவற்றுக்குத் தனிக் காற்றோட்டம் தேவை. முதல் ஆழச் சோதனையில், உள்ளே எவரும் இல்லாமல், கலத்தைக் கம்பிவடத்தில் கட்டி, திட்டமிட்ட ஆழத்தைவிடக் கூடுதலாக இறக்கிப் பார்க்க வேண்டும்.