நாற்காலிக்குப் பின்னால் ஒரு குட்டை ஸ்டாண்ட்

கேள்வி: அறை ஒன்றையே ஸ்டூடியோவாக்கிப் பேட்டி எடுக்கிறேன். பின்சுவருக்கு வெளிச்சம் கொடுக்க நாற்காலிக்குப் பின்னால் ஸ்டாண்டை வைத்தால், முழுக்க இறக்கினாலும் விளக்கு தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. குழாயை அறுத்துக் குட்டையாக்கிவிடலாமா? குட்டை ஸ்டாண்டுக்கும் மணல் மூட்டை வேண்டுமா?

பதில்: முதலில் ரம்பத்தைக் கீழே வையுங்கள். ஸ்டாண்டின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குபவை. வெளிக்குழாயின் நீளத்துக்குக் கீழே அது இறங்காது. அதை அறுத்தால் உயரம் குறையும்தான். கூடவே மேல்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கழுத்தும் போய்விடும். அப்புறம் விளக்கை எது தாங்கும்?

படப்பிடிப்பில் விளக்கைத் தாங்கும் கனமான மூன்றுகால் இரும்பு ஸ்டாண்டான சி-ஸ்டாண்டில், நடுத்தண்டின் அளவை வைத்து 40 இன்ச், 20 இன்ச் என்று இரண்டு உண்டு. கால்களின் உயரமும் சேர்வதால், 40 இன்ச்சை முழுக்க இறக்கினாலும் நாலடிக்குக் கீழே கொண்டுவர முடியாது. உங்கள் தலைவலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். 20 இன்ச் அதைவிட நன்றாகவே இறங்கும். இன்னும் தாழ வேண்டுமென்றால் கால்கள் தனியாகக் கழலும் டர்ட்டில் பேஸ் வகையைப் பாருங்கள். நடுத்தண்டை உருவிவிட்டு, காலின் மேலிருக்கும் துளையில் விளக்கை மாட்டும் சின்ன இரும்புத் தண்டான பின்னைச் செருகினால் விளக்கு கிட்டத்தட்ட தரையோடு உட்கார்ந்துவிடும். அந்தத் துளை பெரும்பாலும் 28 மி.மீ. சின்ன விளக்குகளுக்கு 16 மி.மீ. பின்தான் வேண்டியிருக்கும், அதனால் நடுவில் ஓர் அடாப்டரும் சேர்த்து வாங்குங்கள்.

செலவே வேண்டாம் என்றால், கனமான பலகை ஒன்றில் பின் வைத்த இரும்புத் தகட்டைத் திருகிவிடுங்கள். என்னிடம் இருப்பதும் அதுதான். அழகில் சுமார், வேலையில் குறை சொல்ல முடியாது.

மணல் மூட்டையா? கட்டாயம். குட்டையாக இருப்பது எங்கே விழப்போகிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு பேட்டியில் சோபாவுக்குப் பின்னால் குட்டை ஸ்டாண்டில் சூடு கக்கும் டங்ஸ்டன் விளக்கை வைத்து, மூட்டையை எடுத்துவரச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். பேசிக்கொண்டிருந்தவர் சிரித்தபடி சாய்ந்தார், சோபா நாலு விரற்கடை பின்னால் நகர்ந்தது, ஸ்டாண்டின் கால் அதில் மாட்டி, விளக்கு திரைச்சீலைமேல் சாய்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. துணி கருகும் நாற்றம்தான் எங்களுக்குச் செய்தி சொன்னது. திரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம். தவறு முழுக்க என்னுடையது.

உயரமான ஸ்டாண்டைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். குட்டையானது யார் கண்ணிலும் படாது, காலில்தான் படும். மூட்டையைத் தரையில் கிடத்தாமல் காலின்மேல் தொங்குகிற மாதிரி போடுங்கள். தரையைத் தொட்டால் பாதிக் கனம் தரைக்கே போய்விடும். சி-ஸ்டாண்டின் மூன்று கால்களில் உயரமானதில் போட வேண்டும். விளக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதே காலைத் திருப்பி வையுங்கள்.

வயரைக் காலைச் சுற்றி ஒரு வளையம் விட்டு நாற்காலிக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள். எல்லாம் வைத்தபிறகு, கேமராவை ஓட்டுவதற்கு முன்னால், விருந்தாளியை ஒருமுறை நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள்.