இரண்டாவது வருடத்துக்கு என்ன திட்டம்?

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 160 செ.மீ., எடை 96 கிலோ. சர்க்கரை இன்னும் நோய் என்று சொல்லும் அளவுக்கு வரவில்லை, எல்லையில் நிற்கிறது. எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். எனக்கு மனம் ஒப்பவில்லை. சாப்பாட்டையும் பழக்கங்களையும் மாற்றிக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இதற்கு முன் இரண்டு தடவை 11 கிலோ, 14 கிலோ என்று குறைத்தும், அத்தனையும் திரும்ப ஏறிவிட்டது. “உன்னால் முடியாது, பேசாமல் ஆபரேஷன் பண்ணிக்கொள்” என்கிறார் அக்கா. என் முடிவு சரிதானா? இந்தத் தடவையாவது நிற்குமா?

பதில்: இரண்டு தடவை குறைத்ததைத் தோல்விக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 14 கிலோ குறைப்பது சாதாரண விஷயமா? எடையைக் குறைக்க உங்களுக்குத் தெரியும். குறைத்ததைத் தக்கவைக்கத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. அது வேறு வேலை, முதல் வேலையைவிடக் கடினமானது.

எடை இறங்க இறங்க உடல் தன்னைப் பட்டினியிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோனும் குறையும். மூளைக்கு ‘போதும்’ என்ற செய்தி சரியாகப் போகாது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியும் குறைந்துவிடும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள்; சிலர் சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். அவர்களுக்கெல்லாம் மனவுறுதி இல்லை என்று சொல்ல முடியுமா? உங்கள் எடை திரும்ப ஏறியதற்கும் நீங்கள் சோம்பேறி என்று அர்த்தமில்லை. தயவுசெய்து இதை அக்காவிடமும் படித்துக் காட்டுங்கள்.

அடுத்து, அறுவை சிகிச்சை. பயத்தாலோ, ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற கூச்சத்தாலோ அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தால், தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்ணான பி.எம்.ஐ. உங்களுக்கு 37.5. 35க்கு மேல் இருந்தாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே டாக்டர் உங்களைத் தவறாக வழிநடத்தவில்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் எடை பல வருடங்களுக்குப் பிறகும் நன்றாகவே குறைந்திருந்தது; மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவும் செய்தார்கள். எடை குறைப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அறுவை சிகிச்சையின் பலம் பெரியது. இதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன்.

ஆனால் பழக்கங்களை மாற்றும் வேலையிலிருந்து அந்தச் சிகிச்சையும் யாரையும் விடுவிப்பதில்லை. அதிகம் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். வைட்டமின், இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுள் முழுக்க. ரத்தப் பரிசோதனையும் அப்படியே. பழைய பழக்கத்துக்குப் போனால் சில வருடங்களில் எடை ஏறத்தான் செய்யும். எந்த வழியில் போனாலும் இந்த வேலை காத்திருக்கிறது. உங்களுக்கு சர்க்கரை எல்லையில்தான் நிற்கிறது. வேறு நோய் எதையும் நீங்கள் எழுதவில்லை. பழக்கங்களை முதலில் தீவிரமாக மாற்றிப் பார்க்க அவகாசம் இருக்கிறது. அதனால் உங்கள் முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

‘தீவிரமாக’ என்ற வார்த்தையைத் தெரிந்துதான் போடுகிறேன். உங்களைப் போல எல்லையில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. அவர்களில் ஒரு குழுவுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம். உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஏழு கிலோகூட வராது. நீங்கள் ஏற்கெனவே அதைப் போல இரண்டு மடங்கு குறைத்தவர்! ஆனால் அந்த முதல் குழுவை ‘குறைத்துக்கொண்டு வாருங்கள்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. முதல் 24 வாரத்தில் 16 தடவை, ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு ஆலோசகர் உட்கார்ந்து பேசினார். அதற்குப் பிறகும் மாதாமாதம் சந்திப்பு தொடர்ந்தது. உங்கள் முந்தைய இரண்டு முயற்சியிலும் இல்லாமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், எதிர்பார்ப்பு. சர்க்கரை நோய் இருந்த 5,145 பேரை வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், பழக்க மாற்றத்தில் தீவிரப் பயிற்சி பெற்ற குழு முதல் வருடம் சராசரியாக 8.6 சதவீதம் குறைத்தது. எட்டாவது வருடத்தில் மிஞ்சியது 4.7 சதவீதம். நீங்கள் மனதுக்குள் 60 கிலோ என்று ஒரு எண்ணை வைத்திருந்தால், பழக்க மாற்றத்தால் மட்டும் அங்கே போய் நிற்பவர்கள் குறைவு. 86, 87 கிலோவில் பல வருடம் நிற்பதையே வெற்றி என்று உங்களால் ஏற்க முடியுமா? முடியும் என்றால் இந்த வழி உங்களுக்கு ஏற்றது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த ஒன்பது பத்து கிலோவுக்கே நல்ல பதில் சொல்லும்.

கலோரி எண்ணுவதைவிட வீட்டுக்குள் என்ன வருகிறது என்று பாருங்கள். 2019இல் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட்டில் வரும் ஆலை உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு என்று, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகப் போனது. பாக்கெட் கண்முன்னே இருக்கும்போது உங்களை நீங்களே திட்டிக்கொண்டு பயனில்லை. ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். நடையோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும்; இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், தூக்கம் கெட்டால் பசி கூடும். குறட்டை, தைராய்டு, எடை ஏற்றும் மாத்திரைகள் பற்றி டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மனக்கஷ்டத்தில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருடமாவது தக்கவைத்தவர்களை 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பதிவேட்டில் சேர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்ப்பவர்கள். தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலை அசைப்பவர்கள். நீங்களும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: இறங்கிய எடையிலிருந்து இரண்டு கிலோ ஏறினால் அந்த வாரமே டயட்டீஷியனுக்குப் போன். பத்து கிலோ ஏறிய பிறகு போவதற்குத்தான் வெட்கமாக இருக்கும், இரண்டு கிலோவுக்கு இருக்காது.

ஆறு மாதம் கழித்து டாக்டரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். 5 சதவீதம்கூட இறங்காமல், சர்க்கரையும் எல்லை தாண்டியிருந்தால், மருந்தையோ அறுவை சிகிச்சையையோ மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். அது நீங்கள் தோற்றதாக ஆகாது. அக்கா சொன்னது பலித்ததாகவும் ஆகாது.

இந்த வாரம் டயட்டீஷியனைப் பார்க்கும்போது, முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். 15ஆவது மாதம், 18ஆவது மாதம், 24ஆவது மாதம் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். போன இரண்டு தடவையும் எடை எந்த மாதத்தில் ஏற ஆரம்பித்தது என்று நினைவுபடுத்திப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பாக இன்னொரு தேதியும் போட்டுக்கொள்ளுங்கள்.