லோடும் ஏற்றமும்

கேள்வி: 1983-இல் எனக்கு 12 வயது. லண்டன் வீட்டில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி இருந்தது. கேசட்டிலிருந்து ஒரு கேம் லோடு ஆகும்வரை காத்திருந்த சுகம் இன்றைய கணினியில் உண்டா? பழைய ஸ்பெக்ட்ரம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? (ஒரு வாசகர், லண்டன்)

பதில்: லோடு என்றதும் எனக்குக் கணினி ஞாபகம் வருவதில்லை, மணல் லாரிதான் வருகிறது. ஒரு லோடு சொன்னால் முக்கால் லோடு வந்து இறங்கும். கேட்டால், 'வழியில குலுங்கி அமுங்கிடுச்சு சார்' என்பார்கள். இந்தச் சொல்லை முன்பொரு முறை இதே பக்கத்தில் எழுதப்போக, 'ஏற்றம் என்று எழுத உமக்கு என்ன கேடு?' என்று தமிழாசிரியர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். ஏற்றம் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது ஐயா என்று பதில் எழுதினேன். அத்தோடு சந்தாவை நிறுத்திவிட்டார்.

இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. ஏற்றம் இறைப்பவர்கள் சும்மா இறைக்க மாட்டார்கள், பாடிக்கொண்டே இறைப்பார்கள். எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கும் பாட்டிலேயே வந்துவிடும். உங்கள் ஸ்பெக்ட்ரமும் அதே ரகம்தானே? கேசட்டில் இருந்ததெல்லாம் வெறும் ஓசை. ஒன்று என்ற எண்ணுக்கு நீள ஓசை, பூஜ்யத்துக்கு அதில் பாதி. குறிலும் நெடிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப் ரெக்கார்டர் கிறீச்சிட, டிவியின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட, அதன் 48 கே (கிலோபைட்) நினைவகம் நிரம்ப ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். அசல் ஏற்றப்பாட்டு!

ஏற்றக்காரர் பாதிப் பாட்டில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பர் விடிய விடியக் காத்திருந்ததாக ஒரு கதை உண்டு. அவருக்குக் காலையில் அடுத்த அடி கிடைத்தது. உங்களுக்கு நாலாவது நிமிடத்தில் 'டேப் லோடிங் எரர்' கிடைத்தது. அதைப் போய்ச் சுகம் என்கிறீர்களே! அன்றைக்கு அந்த ரெக்கார்டர் தலையில் ஓங்கி ஒன்று வைக்கவில்லை என்று சத்தியம் பண்ணுங்கள் பார்ப்போம்.

எனக்கும் அந்தக் காலத்தின்மேல் பொறாமை உண்டு, வேறு காரணத்துக்காக. 1982-இல் 48 கே மாடல் வந்தபோது விலை 175 பவுண்டு. அவ்வளவு கொடுத்த அப்பா வாரம் ஒரு கேம் கேசட்டுக்கும் காசு தருவாரா? பையன்கள் பத்திரிகையில் அச்சான புரோகிராமைப் பார்த்து வரி வரியாகத் தட்டினார்கள். சிலவற்றில் பத்தி பத்தியாக வெறும் எண்கள். 62-க்கும் 5-க்கும் நடுவில் ஒரு கமா விட்டுப்போனால் 625 ஆகிவிடும். பைட் என்கிற நினைவக அறை ஒன்றில் 255-க்கு மேல் கொள்ளாது, எந்திரம் மறுத்து நின்றுவிடும். 62 என்பது 26 என்று அச்சாகியிருந்தால் இன்னும் மோசம். எந்திரம் வாய் திறக்காது. ஓடவிட்டதும் திரை வெளுத்து, சேமித்து வைக்காத மூன்று மணி நேர உழைப்பு போயே போகும். அப்புறம் அடுத்த இதழில் சாவகாசமாக ஒரு பிழைதிருத்தம்.

கமாவைக்கூட விடாமல் படித்த வாசகர்கள்! அச்சுப்பிழைக்காக நிஜமாகவே அழுத வாசகர்கள்! என் ஆயுளில் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. வாய்த்தவர்கள் எல்லாம் கவிஞர்கள், அவர்களுக்குக் கமாவே ஆகாது. போன மாதம் ஒருவருடைய 40 வரிக் கவிதையில், யார் யாரை வெட்டினார் என்று புரியட்டுமே என்று ஒரே ஒரு கமா போட்டேன். படைப்புச் சுதந்திரத்தில் கைவைத்துவிட்டேனாம், ராத்திரி பதினொன்றரைக்குப் போன் பண்ணித் திட்டினார். அதிலும் எங்கும் நிறுத்தவில்லை.

சரி, உங்கள் விஷயம். வாங்குங்கள். கூடவே சின்னதாக ஒரு ஸ்க்ரூடிரைவரும் வாங்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்டர் ஹெட்டின் சாய்வைத் திருகிச் சரிபண்ணாமல் பழைய கேசட் லேசில் ஏறாது. அலுத்துப்போனதும் இங்கே அனுப்பிவையுங்கள், தபால் செலவு என்னுடையது. அந்தக் கவிஞரின் விலாசம் என்னிடம் இருக்கிறது.