முறுக்கோடு கணக்கையும் பரிமாறாதீர்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. மதுரை வில்லாபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறோம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. உண்மையைச் சொன்னால், சிக்கனமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பழங்காநத்தம் உழவர் சந்தையில் காய், கீழமாசி வீதியில் மளிகை, விளக்குத்தூண் பக்கம் துணி என்று நாலு கடை ஏறி இறங்கி, விலை பேசி வாங்கி வந்தால் அன்று முழுக்க மனசு நிறைவாக இருக்கும். பலகாரமும் வீட்டில்தான். முறுக்கு, சீடை, கடலை உருண்டை எல்லாம் நானே செய்வேன். ஆடித் தள்ளுபடியில் ஐந்து பெட்ஷீட் பாதி விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் பத்துப் பேர் முன்னால் என்னைக் "கஞ்சப் பிசினாறி" என்று சொல்லிச் சிரித்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மகள், "அத்தை சொன்னது சரிதான். எனக்கு மட்டும் ஏம்மா எல்லாமே மலிவா வாங்குற?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் கஞ்சமா? நான் மாற வேண்டுமா?

– வாசகி, வில்லாபுரம்

பதில்: நீங்கள் கஞ்சம் இல்லை தங்கச்சி. கஞ்சம் பிடிக்கிறவர்கள் வீட்டில் கடலை உருண்டை பிடிக்க மாட்டார்கள். கடலையையே எண்ணித்தான் கொடுப்பார்கள். நாத்தனார் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில் யாரையாவது பேசத்தான் செய்வார்கள். அன்றைக்கு உங்கள் முறை.

மகள் கேட்டதை அப்படி விட முடியாது. அவள் "ஏன் மலிவா வாங்குற" என்று கேட்கவில்லை. "எனக்கு மட்டும் ஏன்" என்று கேட்டிருக்கிறாள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என் வீட்டுக் கதை ஒன்றை நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னால் நான் என்ன நினைக்கிறேன் என்பது புரியும்.

என் அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். நாங்கள் நாலு பிள்ளைகள். தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் ஊரில் விடிய விடிய வியாபாரம் நடக்கும், உங்களுக்குத் தெரியும். மாசி வீதிகளில் தரையில் துணியைக் குவித்துப் போட்டுக் கூவிக் கூவி விற்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு விலை, பன்னிரண்டு மணிக்கு ஒரு விலை. இரண்டு மணிக்கு மேல், மிச்சச் சரக்கைத் திரும்பக் கட்டிச் சுமக்க வேண்டுமே என்ற அலுப்பில் அவர்களே விலையை இறக்கிவிடுவார்கள். அப்பா அந்த இரண்டு மணிக்காகவே காத்திருப்பார். கையில் ஒரு பொட்டலம் சூடான கடலையோடு தெற்கு மாசி வீதி முக்கில் நின்று, கூட்டம் கலைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வருஷம் அப்படி என் அண்ணனுக்கு ஒரு கட்டம் போட்ட சட்டை எடுத்தார். 20 ரூபாய் சொன்ன சட்டை, 9 ரூபாய்க்கு வந்தது. நல்ல சட்டை. தையல் சுத்தம், காலர் விறைப்பு, குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

ஆனால் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையோடு அண்ணன் வாசலுக்கு வந்ததும், எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "9 ரூபாய்ண்ணே! நம்புவீங்களா?" என்றார். பிறகு பால்காரரிடம். பிறகு மாமா வந்தபோது மாமாவிடம். சாயங்காலத்துக்குள் தெருப் பிள்ளைகள் அண்ணனுக்கு "ஒம்பது ரூவா" என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் அந்தச் சட்டையை அதற்கப்புறம் போடவே இல்லை. அப்பாவுக்குக் கடைசி வரை ஏன் என்று புரியவில்லை. "நல்ல சட்டைதானடா" என்பார்.

அம்மா வேறு மாதிரி. அவர் கையில் அப்பாவைவிடக் காசு குறைவு. தீபாவளி அதிரசத்துக்கு வெல்லம் வாங்கக் கீழமாசி வீதிக்குப் போவார். முழு வெல்லம் வாங்க மாட்டார். சாக்கின் அடியில் கிடக்கிற உடைந்த வெல்லத்தைக் கேட்டு வாங்குவார். விலை கணிசமாகக் குறையும். பாகு காய்ச்சப் போகிற வெல்லம் உடைந்திருந்தால் என்ன, உருண்டையாக இருந்தால் என்ன? தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டித்தானே அடுப்பில் வைக்கிறோம். இந்த விஷயம் எனக்கு எப்போது தெரியும் என்கிறீர்கள்? எனக்குக் கல்யாணமாகி, நானே முதல் தடவை அதிரசம் சுட்டபோதுதான். அதுவரை அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. எவர்சில்வர் தூக்கைத் திறந்து, "இன்னொன்னு எடுத்துக்க" என்பார், அவ்வளவுதான். எங்களுக்கு அது ராஜ வீட்டு அதிரசம்.

இப்போது சொல்லுங்கள். உங்கள் வீட்டில் முறுக்கைத் தட்டில் வைக்கும்போது என்ன சொல்லி வைக்கிறீர்கள்? "கடையில் கால் கிலோ வாங்குற காசுக்கு ஒரு டப்பா நிறைய வந்துருச்சு" என்று சொல்வீர்களா, மாட்டீர்களா? எனக்கென்னவோ சொல்வீர்கள் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் நானும் சொல்லியிருக்கிறேன். விலை பேசி ஜெயித்த சந்தோஷம் உங்களுடையது. நாலு கடை ஏறி இறங்கியது நீங்கள். மகளுக்கு அந்த ஆட்டத்தில் பங்கு இல்லை. அவள் கைக்கு வருவது பொருளும், அதன் மேல் ஒட்டின விலையும்தான். பாவாடை கட்டும்போதெல்லாம் "இது இவ்வளவுக்குத்தான்" என்று காதில் விழுந்தால் பதினாலு வயசுப் பிள்ளைக்கு அது பாவாடையின் மதிப்பாகத் தெரியாது, தன் மதிப்பாகத்தான் தெரியும். அதனால் மாற வேண்டியது உங்கள் சிக்கனம் இல்லை. விலையைச் சொல்லும் வாய் மட்டும் கொஞ்சம் ஓயட்டும். கணக்கைக் கணவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுகிறவர், அவருக்கு அது பிடிக்கும்.

சரி, அந்த ஐந்து பெட்ஷீட். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஆடியில் வாங்கி இன்னும் பிரிக்காத ஐந்து பெட்ஷீட் பாதி விலைக்கு வந்தவை இல்லை, அந்த முழுக் காசும் அலமாரியில் மடித்துக் கிடக்கிறது. இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மொத்த விலையில் கிடைக்கிறதே என்று ஒரு முறை பத்துக் கிலோ பாசிப்பருப்பு வாங்கி, மூன்றாம் மாதம் பாதியை வண்டோடு கொட்டியவள் நான். அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: மூட்டையாக வாங்கினால் அன்றைக்கே எதிர் வீட்டு அக்காவோடு பங்கு போட்டுவிடுவது. ரவையும் கடலை மாவும் என்றால் மாதத்துக்கு எவ்வளவு செலவாகுமோ அவ்வளவுதான்.

வீடு வந்து சேரும் செலவையும் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. போகும்போது அது பெரிய மிச்சம். ஆனால் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் ஏற முடியாமல் ஆட்டோ பிடித்தால் கீழமாசி வீதியில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோக்காரருக்குத்தான் போகும். அதனால் பஸ்ஸில் தூக்கி வர முடிந்த அளவு எவ்வளவோ அவ்வளவு வாங்குவது என்று வைத்துக்கொண்டால் வீட்டில் வண்டும் வராது.

விலை பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். ஜவுளிக் கடையில், பாத்திரக் கடையில், எழுகடல் தெரு வளையல் கடையில் தாராளமாகப் பேசுங்கள். அவர்களும் அதற்கு இடம் விட்டுத்தான் சொல்கிறார்கள். நீங்கள் பேசாவிட்டால் அவர்களுக்கே சப்பென்று இருக்கும். உழவர் சந்தையில் பேச்சு வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் ஒரு விலையைத் தினமும் காலையில் முடிவு செய்து பலகையில் எழுதிப் போடுவது அங்கே நடைமுறை. அதற்கும் கீழே பேசினால் காய் விளைவித்தவரின் வயிற்றில்தான் கை வைக்கிறோம். பூக்காரம்மாவிடமும் அப்படித்தான். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறினால் அது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஏறிய விலை, அவர் ஏற்றியது இல்லை. முழம் கட்டிக் கொடுக்கிற அந்த விரல்களுக்கு என்ன கூலி வைத்திருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். விலை கட்டாது என்றால் அன்றைக்கு அரை முழம் வாங்குங்கள்.

இனி மகள். இரண்டு காரியம் செய்து பாருங்கள்.

அடுத்த தடவை அவளுக்குத் துணி எடுக்க வேண்டி வந்தால், இவ்வளவுதான் என்று ஒரு தொகையை அவள் கையில் கொடுத்து, பத்துத்தூண் சந்துக்குக் கூட்டிப் போங்கள். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய அந்தக் கல்தூண்கள் பனியனுக்கும் பாவாடைக்கும் நடுவே நிற்பதை அவளுக்குக் காட்டுங்கள், நின்று பார்க்க வேண்டிய இடம்தான். அப்புறம் இரண்டு அடி பின்னால் நின்றுவிடுங்கள். துணியைத் திருப்பித் தையல் பார்க்கச் சொல்லித் தரலாம், ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துச் சாயம் பார்க்கச் சொல்லலாம். விலையை அவள் பேசட்டும். அதிகமாகக் கொடுத்து ஏமாந்தால் ஏமாறட்டும். "நானா இருந்தா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மிச்சம் வந்தால் அது அவளுடைய காசு. ஐஸ்கிரீமுக்குப் போனாலும் கேட்கக் கூடாது. நீங்கள் இத்தனை வருஷமாக ரசிக்கிற ஆட்டம் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். பிடிக்காமலும் போகலாம். போகட்டும்.

இரண்டாவது, அவள் தோழிகள் நாலு பேரை ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். முறுக்கு வேண்டாம், அவளுக்கு அது தினப்படிப் பண்டம். ஜிகர்தண்டா செய்யுங்கள். முதல் நாள் ராத்திரி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பாதாம் பிசினை ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்து, ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரில் போடுங்கள். மஞ்சள் கூழாங்கல் மாதிரி கிடக்கும். காலையில் பார்த்தால் ஐஸ் உடைத்துப் போட்டது போல் பல மடங்கு ஊதி நிற்கும். சிக்கனத்துக்கு இதைவிட நல்ல சாமான் நம் ஊரில் கிடையாது. உள்ளே தூசி, மரப்பட்டை ஏதாவது இருக்கும், பார்த்துப் பொறுக்கிவிட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஒரு லிட்டர் கொழுப்புப் பாலைச் சிறு தீயில் பாதியாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். இரண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தனியாக வாணலியில் பொன்னிறமாக உருக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து (தள்ளி நின்று தெளியுங்கள், சீறும்) அந்தப் பாலில் விட்டால் கடையில் வருகிற அதே செந்நிறம் வந்துவிடும். இனிப்பு போதாவிட்டால் சர்க்கரை சேர்த்து நன்றாகக் குளிர வையுங்கள். டம்ளரில் பிசின், மேலே நன்னாரி சர்பத், அதற்கு மேல் பால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம்.

ஐஸ்கிரீமை மட்டும் கடையில் நல்லதாக வாங்குங்கள். அதிலும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

பிள்ளைகள் குடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுப்படியிலேயே இருங்கள். "கடையில் ஒரு டம்ளர் என்ன விலை தெரியுமா" என்று கேட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள். அலமாரியில் இருக்கிற ஐந்தில் ஒரு பெட்ஷீட்டை அன்றைக்கே பிரித்து, அவர்கள் உட்காரக் கூடத்தில் விரித்துவிடுங்கள். நன்னாரி கொட்டினாலும் கொட்டட்டும். பாதாம் பிசினை வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊறப் போட மறந்துவிடாதீர்கள். சனிக்கிழமை காலையில் போட்டால் மதியத்துக்குள் முழுசாக ஊறியிருக்காது.