மணிக்கணக்கா, மாசக்கணக்கா?

கேள்வி: கோரிமேடு பக்கம் சின்னதா ஒரு கல்யாண மண்டபம் வச்சிருக்கோம் சார். ஜெனரேட்டர் போன வருஷம் பூரா சேர்த்து 40 மணி நேரம்கூட ஓடல. ஆனா சர்வீஸ் பண்றவர் வருஷம் ஆயிடுச்சு ஆயிலை மாத்தியே ஆகணும்னு நிக்கிறாரு. புக்ல 250 மணி நேரம்னுதானே போட்டிருக்கு? ஆயில் டிப் ஸ்டிக்ல பார்த்தா தேன் கலர்ல நல்லாதான் இருக்கு. ஏமாத்துறாரா?
- ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: ஏமாத்தல சார். அந்த 250 மணிங்கிற வரியை முழுசா படிங்க, பெரும்பாலான புக்ல பக்கத்துலயே 6 மாசம் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னு இருக்கும். கம்மியா ஓடுற இன்ஜின்லதான் ஆயில் சீக்கிரம் கெடாதுன்னு நாம நினைக்கிறோம், நடக்கிறது வேற. டீசல் எரியும்போது தண்ணி ஆவியும் வரும், இன்ஜின் நல்லா சூடேறி ஓடினா அது வெளிய போயிடும், நீங்க கரண்ட் போனப்ப அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்திட்டா அது உள்ளேயே குளிர்ந்து ஆயில்ல கலந்து நாளாக நாளாக அமிலமாகி பேரிங்கை அரிக்கும். இது கலர்ல தெரியாது. போதாக்குறைக்கு நம்மூரு கடல்காத்து ஈரம் வேற.

ஒரே மெஷின்தான், ஆனா ஒவ்வொரு பாகத்துக்கும் கணக்கு தனி. ஓடித் தேயறது எதுவோ, வால்வு கிளியரன்ஸ், இன்ஜெக்டர், பிஸ்டன் ரிங் இதெல்லாம், அதுக்கு மணிக்கணக்கு. சும்மா நின்னாலும் வயசாகிறது எதுவோ, பேட்டரி, ரப்பர் ஹோஸ், ஃபேன் பெல்ட், கூலன்ட், டேங்க்ல கிடக்கிற டீசல், அதுக்கு மாசக்கணக்கு. ஏர் ஃபில்டருக்கு ரெண்டும் முழுசா பொருந்தாது, பக்கத்துல மண்ணு லாரி போற ரோடு இருந்தா சீக்கிரமே அடைச்சுக்கும், அதைக் கழட்டிப் பார்த்துதான் சொல்லணும். டேங்க் அடியில தண்ணி தங்கும், அதை அப்பப்ப திறந்து வடிச்சு விடுங்க. முகூர்த்த நேரத்துல ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டருக்கு முக்கால்வாசி பேட்டரிதான் காரணமா இருக்கும், அதனால மாசம் ஒருதடவை அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்க. சும்மா ஓட்டாதீங்க, ஏசி, லைட்டு எல்லாம் போட்டு மூணுல ஒரு பங்காவது லோடு குடுத்து ஓட்டுங்க, லோடே இல்லாம ஓட்டினா டீசல் முழுசா எரியாம சைலன்சர்ல கரியும் எண்ணெயுமா ஒழுகும்.

இன்னொண்ணு. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் நம்ம பக்கம் எத்தனை ஊர்ல நாள்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு நிலைமை வந்து ராத்திரி பகலா ஓட்டினா 250 மணி நேரம் பத்து, பதினொரு நாள்ல முடிஞ்சிடும். வருஷக் கணக்குல இருந்த மெஷின் ஒரே வாரத்துல மணிக்கணக்குக்கு மாறிடுது. அதனால எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற ஹவர் மீட்டர் ரீடிங்கை தேதியோட ஒரு நோட்டுல எழுதி வைங்க, ஒரு செட் ஆயிலும் ஃபில்டரும் வாங்கி வைங்க, புயல் நேரத்துல கடை திறந்திருக்காது.

கேள்வி: எங்க விசைப்படகு இன்ஜின் வேலையெல்லாம் தடைக்காலத்துலதான் பாக்குறோம். வருஷத்துக்கு ஒருதடவை போதாதா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இன்ஜினுக்குப் போதாதுண்ணே. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வச்சாலும் மாசம் 25 நாள் போனா 300 மணி ஆயிடுது, 250 மணி ஆயிலா இருந்தா ஒரு மாசம்கூட தாங்காது. அதுக்கு மணிக்கணக்குதான். பெயின்ட், பலகை, கடல்தண்ணி பம்ப் இம்பெல்லர், அரிப்பு தடுக்குற துத்தநாகக் கட்டி இதையெல்லாம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் உள்ள அந்த 61 நாள்ல பாக்குறது சரி, படகைக் கரையேத்தாம அதுல பாதி வேலை நடக்காது. துத்தநாகம் பாதி கரைஞ்சிருந்தாலே மாத்திடுங்க.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திக்கங்க. பல பேர் தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போறப்பதான் ஆயில் மாத்துறாங்க. கட்டிப் போடுறதுக்கு முந்தியே மாத்துங்க, இன்ஜின் சூடா இருக்கும்போதே பழசை வடிச்சிட்டு புதுசு ஊத்தி கொஞ்சம் ஓட்டி நிறுத்துங்க. இல்லன்னா அழுக்கும் அமிலமுமான பழைய ஆயில் ரெண்டு மாசம் பேரிங் மேலேயே உக்காந்திருக்கும்.

கேள்வி: இப்பல்லாம் பவர்கட்டே இல்ல, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணுமா?
- ஒரு வாசகி, வில்லியனூர்

பதில்: ஊத்தணும்மா. யூஸ் பண்ணலனாலும் சார்ஜ் ஏறிட்டேதான் இருக்கு, தண்ணி குறையத்தான் செய்யும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை மிதவையைப் பாருங்க, குறைஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம்.