நான்காவதாக வந்தால் போதுமா? ஸ்காட்லாந்தின் இரண்டாம் பிரிவைப் பின்தொடரும் வழி

கேள்வி: வேலை மாற்றலாகி ஒரு வருடத்துக்கு டண்டீ வந்திருக்கிறேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஆர்ப்ரோத் கால்பந்து அணியின் தீவிர ரசிகர். என்னையும் சீசன் டிக்கெட் எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார். "நான்காவதாக வந்தாலே போதும், மேலே ஏறிவிடலாம்" என்கிறார். நான் கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவன். நான்காவதாக வரும் அணி எப்படி மேலே போகும்? ஒரு சீசனை எப்படிப் பின்தொடர்வது? பணம் கட்டலாமா?

பதில்: உங்கள் நண்பர் விதிகளைச் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் இதுவரை நடந்ததைப் புரட்டிப் பார்த்தால் அவருக்குச் சாதகமாக ஒரு வரிகூடக் கிடைக்காது. அந்த வழக்குக்கு வருமுன் லீக்கின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஸ்காட்டிஷ் சாம்பியன்ஷிப் என்ற பெயரில் இந்தப் பிரிவு 2013-ல் தொடங்கியது. இதற்கு மேலே இருக்கும் பிரீமியர்ஷிப்பில் 12 அணிகள், இங்கே 10. ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் நான்கு முறை மோதும். இரண்டு முறை சொந்த மைதானத்தில், இரண்டு முறை எதிரணியின் ஊரில். மொத்தம் 36 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். ஆகஸ்டில் தொடங்கி, ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ முடிந்துவிடும்.

இந்த "நான்கு முறை" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஆட்டங்களை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் சீசன் நான்கு சுற்றுகளாகப் பிரியும். வாராவாரம் பட்டியலைப் பார்த்துக் குழம்புவதைவிட ஒரு சுற்று முடியும்போது பார்ப்பது நல்லது. இரண்டாவது சுற்றிலேயே எல்லோருக்கும் எல்லோருடைய குணமும் தெரிந்துவிடும். நான்காவது சுற்றில் ஒரு பயிற்சியாளர் மற்றவரை ஏமாற்றப் புதிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்தக் கட்டத்தில் திறமையைவிடக் கால்களில் மீதமிருக்கும் தெம்புதான் பேசும்.

இப்போது மேலேறும் வழி. முதலிடம் பிடிக்கும் அணி நேராகப் பிரீமியர்ஷிப்புக்குப் போய்விடும். அடுத்த மூன்று அணிகளுக்குப் பிளே ஆஃப். மூன்றாவதும் நான்காவதும் முதலில் மோதும். அதில் வென்ற அணி இரண்டாம் இடத்து அணியோடு மோதும். அதிலும் வென்ற அணி, பிரீமியர்ஷிப்பில் பதினோராவதாக வந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் அணியோடு மோதும். ஒவ்வொரு கட்டத்திலும் ஆளுக்கொரு மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் ஐபிஎல் பார்ப்பவராக இருந்தால், முதல் இரண்டு இடங்களில் வரும் அணி ஒரு முறை தோற்றாலும் அதற்கு இன்னொரு வாய்ப்பு இருப்பது தெரியும். இங்கே அந்தச் சலுகை யாருக்கும் இல்லை.

ஆக, நான்காவதாக வரும் அணி மேலேற ஆறு ஆட்டங்களைத் தாண்ட வேண்டும். 36 ஆட்டங்கள் ஆடிக் களைத்த கால்களோடு, சில வாரங்களுக்குள். இரண்டாவதாக வரும் அணிக்கு நான்கு ஆட்டங்கள். எதிரே வரும் பிரீமியர்ஷிப் அணிக்கோ இரண்டே இரண்டு.

2014 முதல் 2025 வரையிலான கணக்கைப் பாருங்கள். கொரோனாவால் 2020-ல் மட்டும் பிளே ஆஃப் நடக்கவில்லை. மற்ற 11 இறுதிகளில் சாம்பியன்ஷிப் அணி வென்றது நான்கு முறைதான்: 2014-ல் ஹாமில்டன், 2018-ல் லிவிங்ஸ்டன், 2021-ல் டண்டீ, 2025-ல் மறுபடியும் லிவிங்ஸ்டன். இந்த நான்கும் அந்தந்த சீசனில் இரண்டாம் இடம் பிடித்த அணிகள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்த ஒரு அணிகூட அந்த வழியாக மேலேறவில்லை. மிக அருகில் போனது 2023-ல் பார்ட்டிக் திஸில். நான்காவதாக வந்து, இறுதியில் ராஸ் கவுண்டிக்கு எதிராக இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 3–0 முன்னிலை. மிச்சம் இருந்தது ஏறத்தாழ 20 நிமிடம். அதற்குள் மூன்று கோல்களைத் திருப்பி வாங்கி, பெனால்டியில் தோற்றது.

ஆகவே உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: நான்காம் இடம் கதவைத் தட்ட உதவும், அவ்வளவுதான். கண் வைக்க வேண்டியது இரண்டாம் இடத்தில்.

ஆனால் இதை ஒரு ஆர்ப்ரோத் ரசிகரிடம் சொல்லும்போது கொஞ்சம் மென்மையாகச் சொல்லுங்கள். காரணம் 2021-22 சீசன்.

இந்தப் பிரிவை ஒரே சீசனை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். ஆர்ப்ரோத் ஒரு பகுதிநேர அணி. ஆட்டக்காரர்களுக்குப் பகலில் வேறு வேலை உண்டு. பயிற்சிக்கு மாலையில்தான் கூடுவார்கள். அந்த அணியின் செல்லப்பிள்ளையான பாபி லின், டண்டீயில் குப்பை வண்டியில் வேலை பார்த்தவர். பயிற்சியாளர் டிக் கேம்ப்பெல், தட்டைத் தொப்பியும் கரகரத்த குரலுமாக எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய இரட்டைச் சகோதரர் இயன்தான் உதவிப் பயிற்சியாளர். 2016-ல் பொறுப்பேற்றபோது அணி நான்காம் பிரிவில் கிடந்தது. 2017-ல் ஒரு படி, 2019-ல் இன்னொரு படி என்று ஏற்றி இரண்டாம் பிரிவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே தாக்குப்பிடித்தாலே பெரிது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்க, அந்தக் குளிர்காலத்தில் அணி பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

எதிரே கில்மார்னாக். 1993 முதல் மேல் பிரிவிலேயே இருந்து, 2021-ல்தான் கீழே விழுந்த முழுநேர அணி. தடுமாறிய அந்த அணி சீசனின் நடுவிலேயே பயிற்சியாளரை மாற்றி, 2022 ஜனவரியில் டெரெக் மெக்கின்ஸைக் கொண்டுவந்தது. ஒரு கடலோரச் சிற்றூரின் பகுதிநேர அணியால் அப்படி ஒரு மாற்றத்தைச் செய்ய முடியுமா? சீசன் முழுக்க இருந்த வித்தியாசம் அதுதான். முழுநேர அணி தவறு செய்தால் காசு கொடுத்துத் திருத்திக்கொள்ளும். பகுதிநேர அணி தவறே செய்யாமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை இரவு. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் இரண்டும் கில்மார்னாக்கின் ரக்பி பார்க்கில் நேருக்கு நேர். முதல் கோல் ஆர்ப்ரோத்துக்கு. கடைசிக் கால் மணி நேரம் நெருங்கும்வரை அந்த முன்னிலையைக் காத்தார்கள். பிறகு சமன். ஆட்டம் முடியும் தறுவாயில் பிளேர் ஆல்ஸ்டன் அடித்த கோலில் 2–1. கோப்பை கில்மார்னாக்குக்கு. சீசன் முடிந்தபோது புள்ளிகள் 67-க்கு 65.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இரண்டாம் இடம் என்பதால் பிளே ஆஃப் அரையிறுதி, மூன்றாம் இடத்து இன்வர்னஸுக்கு எதிராக. முதல் ஆட்டம் 0–0. இரண்டாவது ஆர்ப்ரோத்தின் கேஃபீல்ட் மைதானத்தில். இன்வர்னஸ் ஆட்டக்காரர்கள் இருவருக்குச் சிவப்பு அட்டை. ஒன்பது பேர் மிச்சம். அந்த ஒன்பது பேரைத் தாண்டி ஒரு கோல் போட முடியவில்லை. கூடுதல் நேரமும் 0–0. பெனால்டியில் 5–3 என்று இன்வர்னஸ் வென்றது. அந்த இன்வர்னஸும் இறுதியில் செயின்ட் ஜான்ஸ்டனிடம் கூட்டுக் கணக்கில் 6–2 என்று தோற்றது தனிச் சோகம். இரண்டே வருடத்தில், 2024-ல், ஆர்ப்ரோத் கடைசி இடத்தில் முடித்துக் கீழே போனது. அடுத்த வருடமே மூன்றாம் பிரிவை வென்று திரும்பி வந்தது. உங்கள் நண்பர் "நான்காவது போதும்" என்று சொல்வதன் பின்னால் இத்தனையும் இருக்கிறது. இரண்டாவதாக வந்தும் கிடைக்காததைப் பார்த்தவர் அவர்.

எல்லா சீசனும் இப்படி நூலிழையில் ஓடாது. 2014-15-ல் ஹார்ட்ஸ், ஹிபர்னியன், ரேஞ்சர்ஸ் என்று நாட்டின் மூன்று பெரிய அணிகள் ஒரே நேரத்தில் இந்த இரண்டாம் பிரிவில் இருந்தன. நிர்வாகக் குளறுபடியும் கடனும் இறக்கிவிட்டவை முதலாவதும் கடைசியும்; ஹிபர்னியன் ஆட்டத்திலேயே தோற்று வந்தது. கடும் போட்டி என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஹார்ட்ஸ் 91 புள்ளிகள் எடுத்து, ஏழு ஆட்டங்கள் மீதியிருக்கும்போதே கோப்பையை உறுதி செய்துகொண்டது. நடுவில் கௌடன்பீத் அணியை 10–0 என்று துவைத்தெடுத்தது. மூன்றாவதாக வந்த ரேஞ்சர்ஸ் பிளே ஆஃபில் நான்கு ஆட்டங்களைத் தாண்டி இறுதிக்கு வந்தபோது, மதர்வெல் காத்திருந்து 6–1 என்று அனுப்பிவைத்தது. அந்த ஆறு ஆட்ட ஓட்டத்தின் விலை என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஸ்கோரைக் காட்டலாம்.

கோப்பைக்கு எத்தனை புள்ளி தேவை என்று உள்ளூர்க்காரர்கள் வாதாடுவார்கள். ஆட்டத்துக்குச் சராசரி 2 புள்ளி, அதாவது 72, என்பது கைக்கணக்கு. 2024-ல் டண்டீ யுனைடெட் 75, 2025-ல் ஃபால்கிர்க் 73. ஆனால் 2022-ல் 67-ம், 2023-ல் டண்டீக்கு 63-ம் போதுமாக இருந்தது. எல்லோரும் எல்லோரையும் தோற்கடிக்கும் வருடத்தில் இலக்கு கீழே வரும். ஒரு சுற்று முடிவில் முதலிடத்தில் இருக்கும் அணியின் புள்ளி 18-க்குக் கீழே இருந்தால், அந்த வருடம் கடைசிவரை இழுபறிதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

கீழேயும் ஒரு கண் வையுங்கள். பத்தாவது அணி நேராக மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். ஒன்பதாவது அணி, மூன்றாம் பிரிவின் இரண்டு, மூன்று, நான்காம் இடத்து அணிகளோடு பிளே ஆஃப் ஆடித் தப்பிக்க வேண்டும். 2022-ல் அப்படி டன்ஃபெர்ம்லினை வெளியேற்றி மேலே வந்தது குவீன்ஸ் பார்க். 1867-ல் தொடங்கி 2019 வரை சம்பளமே வாங்காத அமெச்சூர் அணியாக இருந்த கிளப் அது. பத்து அணிகளில் ஒன்று மேலே, மூன்று பிளே ஆஃபில், ஒன்று தப்பிக்கும் பிளே ஆஃபில், ஒன்று கீழே. கவலையில்லாமல் முடிப்பவை நான்கே அணிகள். ஏப்ரலில்கூட உப்புச்சப்பில்லாத ஆட்டம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி உங்கள் பணம். சீசன் டிக்கெட் பொதுவாக 18 சொந்த மைதான லீக் ஆட்டங்களுக்கு மட்டும். ஜூலையில் நடக்கும் லீக் கோப்பை, பிறகு வரும் ஸ்காட்டிஷ் கோப்பை, மே மாதப் பிளே ஆஃப் ஆகியவை வழக்கமாக அதில் சேராது. வாங்கும் முன் கிளப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 18-ல் 12 ஆட்டங்களுக்காவது போவேன் என்ற உறுதி இல்லையென்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக வாங்குங்கள். 6,000 சொச்சம் பேர் கொள்ளும் மைதானம். பெரிய அணி வரும் நாள் தவிர இடம் கிடைக்காமல் போகாது. புதிதாக வந்தவருக்கு என் யோசனை, முதல் சுற்றில் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்வது.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தால், சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனுக்குள் கால்பந்து நேரடி ஒளிபரப்புக்குத் தடை. பெரும்பாலான ஆட்டங்கள் 3 மணிக்குத்தான் தொடங்கும். மைதானத்துக்குப் போனால்தான் உண்டு. வெள்ளி இரவு ஆட்டங்கள் சில தொலைக்காட்சியில் வரும்.

டண்டீயிலிருந்து ஆர்ப்ரோத்துக்கு ரயிலில் சுமார் 20 நிமிடம். நிலையத்திலிருந்து கடற்கரையோரமாக நடந்துவிடலாம். கேஃபீல்டின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சில அடிகளில் வட கடல். அலை உயரும் நாளில் நீர்த்திவலை உள்ளேயே வந்து விழும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் டாஸ் வென்ற கேப்டன் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார். கோல்கீப்பர் உதைத்த பந்து பாதி தூரம் போய்த் திரும்பி வருவதை அங்கே பார்க்கலாம். கூட்டம் குறைந்த ஆட்டங்களில் ரசிகர்களைப் பிரித்து உட்கார வைக்க மாட்டார்கள். இடைவேளையில் கையில் 'பை' (pie) என்ற இறைச்சிப் பலகாரத்தோடு மொத்தக் கூட்டமும் தங்கள் அணி தாக்கும் பக்கத்துக்கு இடம் மாறும். எதிரெதிரே வரும் இரண்டு கூட்டமும் வழியில் ஒன்றையொன்று கிண்டல் செய்துகொண்டே கடக்கும். வாயிலில் கைப்பையைச் சோதிப்பார்கள். 1980 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு மைதானத்துக்குள் பொது ரசிகர்களுக்கு மது கிடையாது. சூடான போவ்ரில் உண்டு; அது மாட்டிறைச்சிச் சாறு, சைவமாக இருந்தால் தேநீர் கேளுங்கள். இறைச்சி அடைத்த அந்தப் பலகாரமும் அப்படித்தான்.

டிசம்பர், ஜனவரியில் கிளம்பும் முன் கிளப்பின் அறிவிப்பைப் பாருங்கள். தரை உறைந்துவிட்டால் நடுவர் காலையிலேயே சோதித்து ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவார். அப்படித் தள்ளிப்போனவை செவ்வாய் இரவுகளில் நடக்கும். பட்டியலில் ஒரு அணி மற்றதைவிட இரண்டு ஆட்டம் குறைவாக ஆடியிருப்பது இதனால்தான். புள்ளியைப் பார்க்கும் முன் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

1885 செப்டம்பர் 12 அன்று ஆர்ப்ரோத் ஒரு கோப்பை ஆட்டத்தில் பான் அக்கார்ட் அணியை 36–0 என்று வென்ற கதையை உங்கள் நண்பர் நிச்சயம் எடுப்பார். அப்போது, அதே நாளில் டண்டீ ஹார்ப் என்ற அணி 35–0 என்று வென்றதையும், நீங்கள் இப்போது டண்டீக்காரர் என்பதையும் நினைவூட்டுங்கள். கையுறையை மறக்காதீர்கள்.